மின்தடைக் கிணற்றுப் பதிவு
துளையிட்ட கிணற்றுக்குள் கம்பிவடத்தில் மின்முனைகளை இறக்கி, பாறை அடுக்குகளின் மின்தடையை ஆழவாரியாக அளந்து எண்ணெய் அடுக்கை இனங்காணும் முறை. களத்தில் ‘லாகிங்’ என்பர்.

பாறைத் துளைகளில் உப்புநீர் இருந்தால் மின்சாரம் எளிதில் பாயும். எண்ணெயோ வாயுவோ இருந்தால் தடை உயரும். வரைபடத்தில் களிப்பாறை எதிரே தாழ்ந்து ஓடும் கோடு, எண்ணெய் நிறைந்த மணற்கல் எதிரே வலப்புறம் எகிறும். உயர்தடை மட்டுமே போதிய சான்றன்று. நன்னீரும் இறுகிய சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே காட்டும். ஆகவே துளைமை அளவீடும் இன்றியமையாதது.

முதற்பதிவு 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்சின் பெஷல்பிரானில் ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் நிறுவனத்தார் எடுத்தது. கருவியை இடையிடையே நிறுத்தி, அளவுகளைக் கையால் வரைந்தனர். மின்தடையிலிருந்து நீர்ச்செறிவைக் கணிக்கும் ஆர்ச்சி சமன்பாடு 1942இல் வெளியானது.

தமிழ்நாட்டில் நரிமணம் உள்ளிட்ட காவிரிப் படுகை எண்ணெய் வயல்களில் இத்தகைய பதிவுகளின் துணையோடு ஓ.என்.ஜி.சி. நிறுவனம் எண்ணெய் எடுக்கிறது.