டப்ளினில் எரிந்த ஏடுகள்

1922 ஜூன் 30. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்ட மூன்றாம் நாள். டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்து, அங்கிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பல்.

பழியை முழுக்கத் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 ஏடுகளை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுதாக மிஞ்சியவற்றில் மூத்தது 1901தான்.

ஆகவே வம்சம் தேடுவோர் சுற்றுவழியில் போகிறார்கள். யார் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்று காட்டும் கிரிஃபித் வரி மதிப்பீடு ஒன்று. இன்னொன்று சுவாரஸ்யமானது. 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, 70 வயது ஆனதற்குச் சான்று கேட்டார்கள். எல்லோருக்குமான பிறப்புப் பதிவோ 1864இல்தான் தொடங்கியது! பழைய கணக்கெடுப்பு ஏட்டில் தங்கள் பெயரைத் தேடித்தரும்படி கிழவர்களும் கிழவிகளும் மனுப் போட்டார்கள். பெற்றோர் பெயர், ஊர், எழுத்தர் கண்டெடுத்த வயது எல்லாம் அந்த மனுப் படிவத்தில் ஏறின. ஏடு போனாலும் படிவங்கள் தப்பின.

டி.என்.ஏ. சோதனை, பாஸ்டன்காரர் ஒருவருக்கும் அயர்லாந்தின் மேயோ மாவட்ட விவசாயி ஒருவருக்கும் ரத்த உறவு உண்டு என்று சொல்லும். பொதுப் பாட்டனின் பெயரைச் சொல்லாது. அதற்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். மேற்கு அயர்லாந்தின் பல பங்குகளில் 1820க்கு முந்திய பதிவேடே கிடையாது.