ஏலம் காத்த மரம்

தேவதாரு இமயத்துக்கு உரியது. சக்குபள்ளத்தில் அதனைக் காண இயலாது. எனினும் ஆங்கிலேயர் ‘ரெட் சிடார்’ என்றழைத்த சந்தன வேம்பு நம் ஏலமலையில் உண்டு. வேம்பின் குலத்ததாகிய இதன் சிவந்த மரம் மணமுடையது, இலேசானது, கறையானுக்கு எளிதில் இரையாகாதது.

இந்நற்குணங்களே அதற்குக் கேடாயின. ஆஸ்திரேலியாவின் கீழைக் கரையில் இவ்வினத்தை 19ஆம் நூற்றாண்டில் வெட்டி ஏறக்குறைய அழித்தனர். ஏலமலையிலோ அது பிழைத்து நின்றது. ஏன்? ஏலம் நிழலின்றிச் செழிக்காது. ஆதலின் கம்பம் பள்ளத்தாக்கினின்று மலையேறிய நம் முன்னோர், புதர்களைக் களைந்து, பெருமரங்களை நிழலுக்கென நிறுத்தி, கிளைகளை மட்டும் கவாத்து செய்தனர்.

மரத்தை ஏலம் காத்தது. ஏலத்தை மரம் காத்தது. இரண்டும் நம்மைக் காத்தன. விலைக்காகக் கோடரி எடுப்போர், மரத்தோடு நம் பிழைப்பும் சாயும் என்பதை உணர்வாராக.