தூத்துக்குடித் துறைமுகத்தின் கொள்கலன் போட்டித் திறன்

மன்னார் வளைகுடாவின் கரையில் 1974-ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாகத் திறக்கப்பெற்று, 2011 முதல் வ. உ. சிதம்பரனாரின் திருநாமத்தைத் தாங்கி நிற்கும் இத்துறைமுகம், திருப்பூர்ப் பின்னலாடைகளும், கரூர்த் துணிகளும், பதனிட்ட கடலுணவும் அந்நிய தேசங்களுக்குச் செல்லும் வாயிலாக விளங்குகிறது. கொள்கலன்களுக்கெனத் தனி முனையம் 1999-இல் இயங்கத் தொடங்கியது. 2024-இல் புதிய முனையமொன்றும் திறக்கப்பட்டது.

இத்துறைமுகத்தின் பிரதானக் குறை ஆழம் போதாமையே. கொழும்பின் தென்துறைமுகம் 18 மீட்டர் ஆழமுடையதாயிருக்க, இங்கு 14 மீட்டரளவே கிட்டுவதால், மேலைநாடுகளுக்குரிய பெட்டிகளிற் பெரும்பாலானவை சிறு கப்பல்களில் ஏறிக் கொழும்பு முதலிய துறைகளை அடைந்து, அங்கே பெருங்கப்பலாகிய தாய்க்கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. ஏற்றியிறக்கும் கூலியும் காலதாமதமும் ஏற்றுமதியாளர் தலையில் விழுகின்றன.

ஆயினும் ஆழம் ஒன்றே பரிகாரமாகி விடாது. சரக்கு திரளாத துறையை நோக்கித் தாய்க்கப்பல் வாராது. திருப்பூர்க் கிடங்கில் முத்திரையிட்ட பெட்டியைச் சுமந்து இரவெல்லாம் ஓடிவந்த லாரி, துறைமுக வாயிலில் எடையும் முத்திரையும் சுங்கப் பத்திரமும் சரிபார்க்கப்படக் காத்திருந்து, பெட்டி ஏற்கும் கெடுவைத் தவறவிடுமாயின், கொழும்பில் காத்திருக்கும் தாய்க்கப்பலும் தவறிப்போகும். ஆகவே வாயிற் சோதனையை விரைவுபடுத்துவது, கடலைத் தூர்வாருவதினும் செலவு குறைந்த, உடனே பலன் தரும் அபிவிருத்தி எனலாம். காலிப் பெட்டிகள் தட்டின்றிக் கிடைப்பதும், ரயில் வழி பெருகுவதும் அடுத்த தேவைகள். அண்டை மாநிலத்திலுள்ள விழிஞ்ஞம், இயற்கையாகவே ஆழமுள்ள துறையாய் 2025-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது முதல், கொழும்புடனான போட்டி மும்முனையாகியுள்ளது.