தகசாகி மக்கள் கட்டிய இசைமன்றம்

ஸிம்பொனி இசை என்றதும் வியன்னா, பெர்லின் போன்ற மாநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்களும் பெருஞ்செல்வர்களும் போற்றி வளர்த்த கலையன்றோ அது! ஆனால், போரில் தோற்று, பசியில் வாடிய ஒரு நாட்டின் வணிக நகரொன்றிலும் அக்கலை வேரூன்றியிருக்கிறது. ஜப்பானிலுள்ள குன்மா ஸிம்பொனி இசைக்குழுவின் வரலாற்றையே குறிப்பிடுகிறோம்.

குன்மா, தோக்கியோவுக்கு வடமேற்கே மலைகள் சூழ்ந்த மாகாணம். பட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதன் தலைநகரான மாயெபாஷி 1945 ஆகஸ்ட் 5 ஆம் நாள் இரவு குண்டுவீச்சில் எரிந்தது. பத்து நாட்களில் ஜப்பான் சரணடைந்தது. எங்கும் உணவுப் பஞ்சம். அவ்வாண்டு நவம்பரிலேயே, மாயெபாஷிக்கு அண்மையிலுள்ள தகசாகி நகரில் சிலர் கூடி 'தகசாகி குடிமக்கள் இசைக்குழு' என்றொன்றைத் தொடங்கினர். பின்னின்று ஊக்கியவர் இனோவே ஃபுசாயிசிரோ. இளமையில் பாரிஸ் நகரில் வாழ்ந்து கலைச்சுவை அறிந்து வந்த தொழிலதிபர் அவர். குழுவை நடத்தும் சுமையைத் தோளில் ஏற்றவர் மருயாமா கட்சுஹிரோ.

வயிற்றுக்குச் சோறில்லாத வேளையில் வயலின் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். 'பண்பாட்டு நாடாக எழுவோம்' என்ற முழக்கம் அந்நாளில் ஜப்பானெங்கும் ஒலித்தது. முழங்குவது எளிது; கலைஞனுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது அரிது. 1947 இல் தொழில்முறைக் குழுவாக மாறிய பின்னரும் வறுமை அதனை விட்டு அகலவில்லை.

அதே 1947 இல் அக்குழுவினர் மற்றொரு பணியையும் மேற்கொண்டனர். இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு பள்ளிதோறும் சென்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினர். ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, இந்தப் பணியே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கிறது. மலையூர்ப் பிள்ளைகள் பலருக்கு முழு இசைக்குழுவொன்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு வாழ்நாளில் மறுபடி கிட்டாமலே போகலாம். அதற்காக அவர்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று குழுவினர் எண்ணவில்லை. அதற்காகவே அவர்களிடம் சென்றனர். இதுவரை அவ்வாறு கேட்ட பிள்ளைகளின் தொகை 60 இலட்சத்தையும் தாண்டிவிட்டது. மாகாணத்தின் மக்கள்தொகையோ 20 இலட்சத்துக்கும் குறைவு! பாட்டன் பள்ளியில் கேட்ட குழுவையே பேரனும் கேட்டிருக்கிறான்.

இவர்கள் பட்ட பாட்டை இமாய் தடாஷி என்ற இயக்குநர் 1955 இல் திரைப்படமாக்கினார். 'இங்கே ஓர் ஊற்று உண்டு' என்பது அதன் பெயரின் பொருள். இசைக்குழுவினர் தொழுநோயாளர் இல்லத்துக்குச் சென்று வாசிக்கும் காட்சியும் அதில் உண்டு. அப்படத்தால் குழுவின் பெயர் நாடெங்கும் பரவியது. மறு ஆண்டே ஜப்பானியக் கல்வி அமைச்சு குன்மாவை இசைத்துறையில் முன்மாதிரி மாகாணமாக அறிவித்தது.

புகழ் வந்தது, வாசிக்கத் தகுந்த மன்றம் இல்லை. வரைபடம் வகுக்க இனோவே நாடியது அந்தோனின் ரேமண்டை. செக் நாட்டில் 1888 இல் பிறந்த ரேமண்ட், 1919 இல் ஜப்பானுக்கு வந்து, அந்நாட்டு நவீனக் கட்டடக்கலைக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரானார். காகிதத்தை மடித்து நிறுத்தினாற்போல், கான்கிரீட் தகடுகளை மடிப்பு மடிப்பாக அமைத்து, உள்ளே தூண்களே இல்லாத ஒரு பெருங்கூடத்தை அவர் படைத்தார். மடிப்புத்தான் அதற்கு வலிமை. தட்டையான காகிதம் நில்லாது, மடித்த காகிதம் நிற்கும். மொத்தச் செலவு 33 கோடியே 50 இலட்சம் யென். அதில் 10 கோடி யென், பத்தில் மூன்று பங்கு, ஊர்மக்கள் அளித்த நன்கொடை. 1947 இல் பள்ளியில் அமர்ந்து இசை கேட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, மன்றம் எழுந்த 1961 இல் வயது இருபத்தாறு. கொடுத்த கைகளுள் அத்தகைய கைகளும் இருந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அங்கே நாட்டிய கல்லில், இதனை அக்காலத்துத் தகசாகி மக்கள் கட்டினர் என்ற கருத்தே பொறிக்கப்பட்டுள்ளது. தலைவர் பெயரோ கொடையாளர் பெயரோ அந்த வாசகத்தில் இல்லை. நம் ஊர்களில் மின்விசிறியின் இறக்கையிலும் உபயதாரர் பெயரைப் படித்துப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

1963 இல் குழு தன் இன்றைய பெயரைப் பெற்றது. 1994 இல் பிராக் நகரின் வசந்த இசைவிழாவில் வாசித்தது. ரேமண்ட் பிறந்த மண் அது. ஆனால் அவர் 1976 இலேயே மறைந்துவிட்டார். 2019 இல் தகசாகியில் புதிய கலையரங்கம் திறக்கப்பட, குழு அங்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.