கைவினைக் குவெஸ்ட்

இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில், வீரர் தன் கையால் ஒரு பொருளைச் செய்து கொடுத்தால்தான் நிறைவேறும் பணிக்குக் கைவினைக் குவெஸ்ட் என்று பெயர். தாது வெட்டுவது, மூலிகை பறிப்பது, தோல் உரிப்பது, உலையில் உருக்குவது, கடைசியில் வாளோ தொப்பியோ மருந்தோ செய்து கேட்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். சண்டைக் குவெஸ்டில் தோற்றவர் எழுந்து மறுபடி மோதலாம். அவர் சேர்த்தது பெரும்பாலும் அவரிடமே இருக்கும். கைவினையில் தோற்றால் பல நாள் அலைந்து சேர்த்த மூலப்பொருளே போய்விடும். இவ்விளையாட்டுகளைப் பற்றிய மனக்குறைகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. இன்றும் முழுதாகத் தீரவில்லை.

இக்கட்டுரை அந்த மனக்குறையின் காரணங்களைச் சொல்கிறது. எடுத்துக்காட்டுகளில் பல, மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் 2000-களில் புழங்கிய விளையாட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. உழைப்பை நிறுத்துக் கூலி கொடுக்கும் வழக்கத்தை நன்றாக அறிந்த ஊர்கள் அவை. அதனால் இந்தப் பொருளை அங்கிருந்து பார்ப்பது தெளிவு தரும்.

தொடக்கம்

இணைய உலகத்துக்குள் கைத்தொழிலைப் பெரிய அளவில் கொண்டுவந்தவற்றுள் முன்னோடி, 1997 செப்டம்பரில் வெளிவந்த அல்டிமா ஆன்லைன். மலைப்பாறையில் தாது வெட்டி, உருக்கி, பட்டறையில் ஆயுதம் அடித்து விற்றே அதில் ஒருவர் பிழைக்க முடிந்தது. சண்டைக்கே போகாத கொல்லர்களும் தையற்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

1999 மார்ச்சில் வந்த எவர்குவெஸ்டில் தோல்வியின் விலை கடுமையானது. சேர்க்கை தவறினால் போட்ட சரக்கு மறைந்துவிடும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அதன் விரிவாக்கத்தில், பனிமலைக் குள்ளர்களுக்காகச் செய்ய வேண்டிய ‘கோல்டெய்ன் பிரார்த்தனைச் சால்வை’ என்ற நீண்ட குவெஸ்ட் இருந்தது. ஒரே சால்வையைப் படிப்படியாக உயர்த்த, ஒரே ஆள் பல கைத்தொழில்களையும் கற்க வேண்டியிருந்தது. கைவினைக் குவெஸ்ட் எவ்வளவு சலிப்பூட்டும் என்பதற்கும், முடித்தவருக்கு அது எவ்வளவு பெருமை என்பதற்கும் அந்தச் சால்வையையே மூத்த வீரர்கள் உதாரணம் காட்டுவார்கள்.

கைவினை என்றாலே வெறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸில் தாதுக்களுக்குத் தரம் இருந்தது. நல்ல தாது கிடைக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் செய்த பொருளுக்குத் தனி மதிப்பு கிடைத்தது. 2005 நவம்பரில் அந்த விளையாட்டின் அடிப்படையையே மாற்றியமைத்தார்கள். 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. அதன் கைத்தொழில் முறையை இன்றும் ஏக்கத்தோடு பேசுவோர் உண்டு. நல்ல முறையில் அமைந்தால் கைவினையே ஒரு விளையாட்டின் உயிராக இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

கெடாவில்

கெடாவின் தமிழர் வாழ்வு நெடுங்காலம் ரப்பர் தோட்டங்களைச் சுற்றியே அமைந்தது. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபோது, லயங்களில் இருந்த குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் அதைச் சுற்றிய தொழிற்சாலைகளும் அடுத்த தலைமுறைக்கு வேலை தந்தன. அதே தலைமுறைதான் இணைய விளையாட்டுக்கும் முதலில் வந்தது.

வீட்டில் கணினியும் அகன்ற அலைவரிசையும் அப்போது எல்லார்க்கும் கிட்டியவை அல்ல. ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகன்ற அலைவரிசை இணைப்பு 2001இல் வந்தாலும் தொலைபேசிக் கம்பி எட்டாத தோட்டங்களுக்கு அது பயன்படவில்லை. பட்டணத்து சைபர் கஃபேதான் வழி. ‘சிசி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி உட்கார வேண்டும். தென்கொரியாவில் 2002இல் வெளிவந்த ரக்னராக் ஆன்லைனுக்குப் பின்னாளில் மலேசியாவிலும் சர்வர் அமைந்தது. மேப்பிள்ஸ்டோரியின் தென்கிழக்காசியப் பதிப்பு சிங்கப்பூர், மலேசிய வீரர்களுக்காக 2005இல் தொடங்கியது. 2001இல் வந்த ரூன்ஸ்கேப்பைக் கணினியில் தனியே நிறுவ வேண்டியிருக்கவில்லை, உலாவியிலேயே ஓடியது. ஆகவே பழைய கணினிகளிலும் அது நடந்தது.

மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடியவருக்குக் கைவினையில் ஏற்படும் நட்டம் இரட்டை நட்டம். விளையாட்டுக்குள் சரக்கு போகிறது, வெளியே ரிங்கிட்டும் போகிறது. வீட்டில் இருந்தபடி இரவு முழுதும் விளையாட வசதி உள்ளவரை மனத்தில் வைத்து வடிவமைத்த முறை, இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காசு வைத்திருக்கும் பையனிடம் அளவுக்கு மீறிக் கேட்டது.

உடைந்துபோகும் ஆயுதம்

ரக்னராக்கில் ஆயுதத்தைக் கூர்தீட்டி வலுவேற்றும் முறை கெடா வீரர்கள் மட்டுமல்ல, ஆசியா முழுதும் விளையாடியோர் மறக்காத ஒன்று. ஒரிடெக்கான் என்ற கற்பனை உலோகத்தின் கரட்டுக் கட்டி ஐந்து சேர்ந்தால் ஓர் ஒரிடெக்கான். உயர்ந்த தர ஆயுதம் என்றால் அதை எடுத்துக்கொண்டு பிரொன்டெரா நகரத்துக் கொல்லரிடம் போக வேண்டும். தாழ்ந்த தரமான முதல் தர ஆயுதத்தை ஏழாம் படி வரை அஞ்சாமல் ஏற்றலாம். உயர்ந்த தரமான நான்காம் தர ஆயுதத்துக்கு நான்காம் படி வரைதான் பாதுகாப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் பகடை. விழுந்தால் ஆயுதமே உடைந்துபோகும். அதில் பதித்திருந்த அரிய கார்டுகளும் சேர்ந்தே போகும். பல வாரச் சேமிப்பு ஒரு சுத்தியல் சத்தத்தில் முடிந்துவிடும்.

அதே விளையாட்டில் கொல்லர் தொழிலை எடுத்தவர் தாமே ஆயுதம் வார்க்கலாம். வெற்றி கிட்டினால் ஆயுதத்தின் பெயரோடு செய்தவர் பெயரும் சேர்ந்து நிற்கும். கைவினையின் மகிழ்ச்சி என்னவென்று இதைச் செய்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். தம் பெயர் பொறித்த கத்தியை யாரோ ஒருவர் இடுப்பில் கட்டிப் போவதைச் சந்தைத் தெருவில் காண்பது சாதாரணமான நிறைவு அல்ல. ஆனால் தவறினால் சரக்கெல்லாம் வீண் என்பதுதான் அந்தத் தொழிலிலிருந்து பலரை விரட்டியது.

மேப்பிள்ஸ்டோரியின் சுருள்களும் இதே வகை. நூற்றுக்கு நூறு, அறுபது, பத்து என்று வெற்றி விகிதம் எழுதிய சுருள்கள் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் சுருள் ஏற்ற இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. தவறிய சுருளும் ஓர் இடத்தைத் தின்றுவிடும். ஆனாலும் இங்கே ஒரு நேர்மை இருந்தது. விகிதம் சுருளின் மேலேயே எழுதியிருந்தது. பத்து சதவீதச் சுருளை ஏற்றித் தோற்றவர் தெரிந்தேதான் தோற்றார்.

அதே விளையாட்டில் ஸாக்கும் என்ற பெரும் அரக்கனை எழுப்பத் தேவையான ‘நெருப்புக் கண்’ பெற, சுரங்கத்துப் பிணங்களிடமிருந்து முப்பது தங்கப்பல் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எரிமலைக் குழம்புக்கு மேலே கல்லுக்குக் கல் தாவும் ஒரு பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. தாவும் நொடியில் இணைப்பு இழுத்தால் கீழே விழ வேண்டியதுதான். திறமைக்கும் அந்த விழுதலுக்கும் தொடர்பில்லை. மெல்லிய இணைப்பு உள்ள ஊர்க்காரருக்கு அந்தக் குவெஸ்ட் வேறு ஒரு குவெஸ்ட்டாகவே இருந்தது.

தெரியாத தராசு

ரப்பர் தோட்டத்துப் பால் வெட்டுக்காரர் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். நிரையில் மரம் மரமாக வெட்டி, கோப்பைகளில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே நிறுப்பார்கள், பாலில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். கூலி அதைப் பொறுத்தது. வெட்டி முடித்த பிறகு மழை கொட்டினால் கோப்பைப் பால் வீண். மழை நாளுக்குக் கூலி என்ன என்பதும் தொழிற்சங்கம் நெடுங்காலம் பேசிய வழக்கு. அந்த வாழ்க்கையில் நட்டமும் அநியாயமும் நிறையவே இருந்தன. ஆனால் தராசு கண்ணெதிரே இருந்தது. எடை குறைந்தால் மண்டோரிடமோ கிராணியிடமோ ஏன் என்று கேட்க ஒரு வழி இருந்தது.

விளையாட்டுகள் பலவற்றில் தராசே தெரியாது. 2002இல் ஜப்பானில் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி 11இல் பொருள் செய்யும்போது வெற்றி எதைப் பொறுத்தது என்பது வீரர்களுக்கு முழுதாகச் சொல்லப்படவில்லை. அதனால் கிழக்கு நோக்கி நின்று செய்தால் நல்லது, இன்ன கிழமையில் செய்யக் கூடாது, வளர்பிறையில் கைகூடும் என்றெல்லாம் உலகெங்கும் வீரர்கள் நம்பத் தொடங்கினார்கள். பட்டியல் போட்டு வாதம் செய்தார்கள். நாள் நட்சத்திரம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. காரணம் தெரியாத இடத்தில் மனிதர் எந்த நாட்டவரானாலும் அதைத்தான் செய்வார்கள்.

பீடோங்குக்கு அருகே சுங்கை பத்துவில் தொல்லியலாளர் தோண்டி எடுத்தவற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதியில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் காற்று ஊதும் களிமண் குழாய்களின் துண்டுகளும் இரும்புக் கசடும் அங்கே கிடைத்தன. சோழர் காலத் தமிழர் கடாரம் என்று அழைத்த நிலம் இது. உண்மையான உலையிலும் இரும்பு கெடும், குழாய் உடையும். அப்படிக் கெட்டால் காற்று போதவில்லையா, கரி ஈரமா, தாது மட்டமா என்று கொல்லர் பார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்வார். கசடு அவருக்குப் பாடம். விளையாட்டின் பகடைத் தோல்வியில் கற்க எதுவும் இல்லை. இதுவே அதன் பெருங்குறை என்று சொல்ல வேண்டும். வீரர்கள் உழைப்புக்கு அஞ்சுவதில்லை. எதையும் கற்றுத்தராத தோல்வியைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

தராசை மறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்ததே சான்று. மேப்பிள்ஸ்டோரியில் பொருளின் திறனை மாற்றும் ‘கியூப்’களின் விகிதங்களை வீரர்களுக்குச் சொல்லாமல் பாதகமாக மாற்றியதற்காக, அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 2024 ஜனவரியில் அதை நடத்தும் நெக்சான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், காசுக்கு விற்கும் இத்தகைய பொருள்களின் விகிதத்தை வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தொண்ணூற்றொன்பதாம் படி

ரூன்ஸ்கேப்பின் கொல்வேலை, பலன் தராத உழைப்புக்கு எடுத்துக்காட்டு. அதன் பழைய அமைப்பில் இரும்புத் தாதை உலையில் போட்டால் பாதிக்குப் பாதி வீணாகும். தடுக்க ஒரு மந்திர மோதிரம் உண்டு. அதுவும் 140 பாளத்துக்குப் பின் பொடிந்துபோகும். இது சிறிய தொல்லை. பெரியது ரூன் மார்புக் கவசம்.

அந்தக் கவசத்துக்கு ஐந்து பாளம் வேண்டும். ஒரு பாளத்துக்கு ஒரு ரூனைட் தாதும் எட்டுக் கரியும் என்பது அடிப்படைக் கணக்கு. ஆகமொத்தம் ஐந்து தாது, நாற்பது கரி. வீரரின் பையில் இருப்பதோ 28 இடம். இத்தனையும் கொண்டுவந்தாலும் அதை அடிக்கக் கொல்வேலையில் 99ஆம் படி வேண்டும். 99ஆம் படிக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி. 92ஆம் படியை எட்டியவர் அப்போதுதான் பாதி வழி வந்திருக்கிறார். அதே கவசத்தை அணிவதற்குத் தற்காப்பில் 40ஆம் படியும் ஒரு குவெஸ்டை முடித்திருப்பதும் போதும். கொல்லர் 99க்கு வரும்போது, அவர் கூடவே தொடங்கிய நண்பர்கள் அதைவிட உயர்ந்த கவசங்களுக்கு எப்போதோ போயிருப்பார்கள். 2007 நவம்பரில் பொதுச்சந்தை திறந்த பிறகு இன்னொன்றும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது: செய்த பொருளின் விலை பல வேளை அதற்கான பாளங்களின் விலையைவிடக் குறைவு. படி உயர்த்துவதற்காக எல்லாரும் அதே பொருளைச் செய்து குவித்ததே காரணம்.

காத்திருப்பு

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வேறொரு தடை. ஆர்க்கனைட் பாளத்தை ரசவாதி ஒருமுறை செய்துவிட்டால் அடுத்ததற்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலாத்துணிக்கு நான்கு நாள். சரக்கு விலை சரியாமல் காக்க இது உதவியது என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலையில் மாறிமாறி இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு இத்தகைய கெடு ஒத்துவருவது கடினம். ஒரு நாள் தவறினால் அந்த நாளின் வாய்ப்பு திரும்ப வராது.

திருத்தங்கள்

இந்தக் குறைகளை வடிவமைப்பாளர்கள் கேட்காமலும் இல்லை. 2022 நவம்பரில் வந்த வார்கிராஃப்டின் டிராகன்ஃபிளைட் விரிவாக்கம், வேண்டுபவர் சரக்கைக் கொடுத்துக் கைவினைஞரிடம் பொருள் செய்து வாங்கும் ஆர்டர் முறையைக் கொண்டுவந்தது. தையற்கடையில் துணி கொடுத்துச் சட்டை தைப்பது போன்றது அது. ஆல்பியன் ஆன்லைனில் சந்தையிலுள்ள ஆயுதமும் கவசமும் பெரும்பாலும் வீரர்கள் செய்தவையே. அது 2021இல் கைப்பேசிக்கும் வந்தது. 2023இல் அதன் ஆசிய சர்வர் திறந்தது. பட்டணத்து சிசி இல்லாமலே தோட்டத்து வீட்டுத் திண்ணையில் இருந்து விளையாட அது வழி செய்தது.

ரூன்ஸ்கேப்பின் கொல்வேலை 2019 ஜனவரியில் முழுதாகத் திருத்தப்பட்டது. இரும்பு வீணாவது நின்றது. ரூன் பொருள்கள் 50ஆம் படிக்கு இறங்கின. வீரர்கள் கேட்டுக்கொண்டதால் 2013இல் தனியே திறந்த பழைய பதிப்பு இந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. அங்கே ரூன் மார்புக் கவசம் அடிக்க இன்றும் 99ஆம் படி வேண்டும்.