சங்கம் வைக்கலாம், சரி... பேசப் போறது யாரு?

அரியலூர் சிமெண்ட் ஆலையோ, பெரம்பலூர் டயர் ஃபேக்டரியோ, தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் வைக்க இன்னைக்கு உரிமை இருக்கு. அது சும்மா வரல.

1918ல பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாச்சு. தலைவர் பி.பி. வாடியா. 1920ல மோதல் முத்தினப்போ, நிர்வாகம் அவர் மேலயே வழக்கு போட்டு ஹைகோர்ட்ல தடை வாங்குச்சு. இந்தப் பாடத்துக்கு அப்புறம் வந்ததுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். அப்போ ஏழு பேர் இருந்தா பதிவு பண்ணலாம்னு இருந்துச்சு, போராட்டத்தைக் காட்டி அப்படி வழக்கு போடவும் முடியாதுன்னு ஆச்சு.

ஆனா பதிவு வேற, அங்கீகாரம் வேற. பதிவான சங்கத்தோட நிர்வாகம் பேசியே ஆகணும்னு அந்தச் சட்டம் சொல்லல. 1947ல அதுக்காக ஒரு திருத்தம் நிறைவேறுச்சு, அமலுக்கே வரல.

சரி, மூணு சங்கம் இருந்தா யாரோட பேசறது? உறுப்பினர் பட்டியலை எண்ணலாம். ஆனா அதுல யார் எந்தப் பக்கம்னு முதலாளிக்குத் தெரிஞ்சிடும். ரகசிய ஓட்டுல அந்த பயம் இல்ல. ரயில்வேல 2007ல இருந்து அப்படித்தான். 2024 டிசம்பர்லயும் தெற்கு ரயில்வே ஊழியர்கள் ஓட்டு போட்டாங்க.

2025 நவம்பர்ல அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்புப்படி, பல சங்கம் இருந்தா, ஆலையோட வருகைப் பட்டியல்ல இருக்கிறவங்கள்ல 51 சதவீதம் பேரோட ஆதரவு உள்ள சங்கம்தான் பேசும்.

அப்போ, காண்ட்ராக்ட்ல சிமெண்ட் மூட்டை ஏத்துறவர் பேர் எந்தப் பட்டியல்ல இருக்கு? ஓட்டை எண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.