வேகம் ஏறினா இன்ஜின் ஏன் திணறுது? ஒரு நூறு வருஷத்துக் கதை

பைபாஸ்ல போய்ட்டிருக்கீங்க, முன்னாடி ஒரு லாரி. ஓவர்டேக் பண்ணலாம்னு காரை வெளியே எடுத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. 3,000 ஆர்பிஎம் வரைக்கும் நல்லா இழுத்த வண்டி, 4,000 தாண்டினதும் அமுங்கிடுது. எதிரே பஸ். ஊருக்குள்ள ஓட்டும்போது தெரியாத கோளாறு, ஆபத்தான இடத்துலதான் தலைகாட்டும்.

இந்தக் கோளாறோட பொறியாளர்கள் நூறு வருஷமா மல்லுக்கட்டியிருக்காங்க. அந்த வரலாற்றைப் பார்த்தா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது: வேகம் ஏற ஏற இன்ஜினுக்கு நேரம் பத்தாமல் போகிறது.

சின்னக் கணக்கு. 6,000 ஆர்பிஎம்னா கிராங்க்ஷாஃப்ட் நொடிக்கு 100 முறை சுற்றுது. 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அப்போ நொடிக்கு 200 தீப்பொறி வேணும். ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மில்லி செகண்ட்தான். 1,000 ஆர்பிஎம்-ல் அதே இடைவெளி 30 மில்லி செகண்ட்.

முதல்ல இந்தத் தீப்பொறியைப் பார்ப்போம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன், 1910-களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் வந்தது. 'பாயிண்ட்' என்கிற சின்ன சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஏறும். பாயிண்ட் திறந்ததும் தீப்பொறி அடிக்கும். நம்ம ஊர் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இதே முறையில்தான் ஓடின.

குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரி இது. மெதுவாக ஓடும்போது குடம் நிறைய நேரம் இருக்கு. வேகம் ஏறினால், நிறையறதுக்குள்ள குடத்தை இழுத்துடுறாங்க, அரைக்குடம்தான் மிச்சம். பாயிண்ட் இடைவெளி அதிகமா இருந்தா, அது மூடியிருக்கும் நேரம் இன்னும் குறையும். தீப்பொறி பலவீனமாகி, அதிக ஆர்பிஎம்-ல் மட்டும் 'மிஸ்ஸிங்' அடிக்கும். பாயிண்டை மூடுற குட்டி ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதை: வேகத்தில் பாயிண்ட் ஒழுங்காக மூடாமல் துள்ளும்.

1970-களின் தொடக்கத்தில் கிரைஸ்லர் தன் கார்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தது. துள்ளுவதற்கு அங்கே பாயிண்டே இல்லை. பின்னாடி சிலிண்டருக்கு ஒரு காயில் வந்ததும், 6,000 ஆர்பிஎம்-லயும் ஒவ்வொரு காயிலுக்கும் 5-க்குப் பதில் 20 மில்லி செகண்ட் கிடைத்தது.

ஸ்பிரிங் துள்ளுற பிரச்சினை வால்விலும் உண்டு. கேம்ஷாஃப்ட் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் ஸ்பிரிங்குக்கு நான்கு மடங்கு விசை வேணும். அது ஈடுகொடுக்காதபோது வால்வு கேமை விட்டு விலகி மிதக்கும். சரியான நேரத்தில் மூடாததால் பவர் சட்டென்று விழும். மோசமானால் பிஸ்டன் வந்து வால்வில் இடிக்கும், இன்ஜின் காலி. கெட்டியான ஸ்பிரிங் போடலாமே? போடலாம். ஆனா அதை அமுக்கவே பவர் செலவாகும், தேய்மானமும் கூடும்.

அப்போ ஸ்பிரிங்கை நம்பாமலே மூடினா என்ன? மெர்சிடிஸ் 1954-ல் டபிள்யூ 196 பந்தயக் காரில் அதைத்தான் செய்தது: திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம். அந்த முறைக்குப் பெயர் டெஸ்மோட்ரோமிக். பிரான்ஸின் ரீம்ஸ் நகரில், முதல் பந்தயத்திலேயே அந்தக் கார் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது, ஜெயித்தவர் ஃபாஞ்சியோ. 1956-ல் டுகாட்டியின் ஃபாபியோ டாக்லியோனி இதே யோசனையை 125 சிசி பந்தய பைக்கில் பயன்படுத்தினார். 1986-ல் ரெனோ வேறு வழி பிடித்தது: கம்பிச் சுருளுக்குப் பதில் அழுத்தப்பட்ட வாயு. அந்த இன்ஜின் பொருத்திய லோட்டஸை ஓட்டியவர் அயர்டன் சென்னா. இந்த வழியில் போய்த்தான் ஃபார்முலா ஒன் இன்ஜின்கள் 2006-ல் 20,000 ஆர்பிஎம்-ஐத் தொட்டன.

சரி, நம்ம காருக்கு வருவோம். பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி, எதுக்கு நேரம் பத்தலைனு கேளுங்க. வெட்டி வெட்டி உதறுதா? ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் முதல்ல பாருங்க. ஆரம்பத்தில் நல்லா இழுத்து, தொடர்ந்து மிதிக்க மிதிக்கத் தளர்ந்துபோகுதா? பெட்ரோல் போதுமான அளவு வராமல் இருக்கலாம். ஃபில்டர், பம்ப், பிரஷர் பார்க்கணும். உதறலே இல்லாமல் கழுத்தைப் பிடிச்ச மாதிரி அமுங்குதா? ஏர் ஃபில்டரோ சைலன்சர் பக்கத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கலாம். எப்பவும் ஒரே ஆர்பிஎம்-ல் சுவரில் முட்டின மாதிரி நிக்குதா? வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லைன்னா கம்ப்யூட்டரே இன்ஜினைக் காப்பாற்ற வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். இன்ஜின் லைட் எரிஞ்சா முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க.

மெக்கானிக்கிடம் "பிக்கப் இல்லை"னு மட்டும் சொல்லாதீங்க. எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், உதறுதா அமுங்குதா, இதையும் சேர்த்துச் சொல்லுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும். அது சரியாகிற வரைக்கும் லாரிக்குப் பின்னாலேயே போங்க. பத்து நிமிஷம் லேட்டானா பரவாயில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.